மைத்துனர் தைத்த கோட்டு

நமது மைத்துனர் சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவதானத்தில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, "மாப்பிள்ளை, ஒரு ஜாக்கெட் எடுக்க வேண்டும். நீங்கள் கூட வந்தால் நன்றாயிருக்கும்" என்றார்.

சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது. "யாருக்கு அண்ணே? மதினிக்கா? அளவு ரவிக்கை கொண்டு வந்திருக்கிறீர்களா?"

தமிழ் நாட்டில் ஜாக்கெட் என்ற வார்த்தைக்கு ஏற்பட்டிருக்கும் கதியை நினைத்து நாம் சிரித்தோம். மைத்துனர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குத்தான். மேலே போட்டுக் கொள்கிற கோட்டு. காற்றுக்கும் மழைக்கும் பனிக்கும் ஒன்றே போதும்படி இருக்க வேண்டும். உள்ளே ஒரு சாமான் இருந்தால் வெளியே தெரியக் கூடாது" என்றார்.

"என்ன சாமான்?" என்று கேட்டோம்.

அவர் வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டிக் கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது காட்டுவார்களே, அதே மாதிரி.

நேயர்கள் பயப்பட வேண்டாம். நமது மைத்துனர் பரம சாது. சத்திரப்பட்டியில் நாலைந்து விசைத்தறி வைத்துக் கொண்டு பாண்டேஜ் துணி நெய்பவர். காயத்துக்குக் கட்டுப் போடுகிற துணியை நெய்து பிழைப்பவருக்குக் காயம் உண்டாக்கும் கருவி எதற்கு என்று கேட்பீர்களானால், அவருடைய இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைக் காட்டத்தான் வேண்டும். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவில், தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலிப் பணத்தோடு ராஜபாளையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக் கொண்டிருந்தவரை யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்துப் பையைப் பறித்துக் கொண்டு போய்விட்டார்கள். பணம் போனது பெரிதல்ல; மறு வாரம் கடன் வாங்கிக் கூலி கொடுத்தார். ஆனால் அன்று முதல் இருட்டினால் அவருக்கு வாசல் தாண்ட மனம் வருவதில்லை. பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் தோள் தானாகக் குறுகும். அதை நாமே பார்த்திருக்கிறோம். ஐம்பது வயது மனுஷர் அப்படிக் குறுகுவதைப் பார்த்தால் கேலி செய்யத் தோன்றாது.

நமது மாமனாரிடம் நீண்ட காலமாக லைசென்ஸ் பெற்ற ரிவால்வர் ஒன்று இருந்தது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரர் எழுபது வயதை எட்டினாலும், இருபத்தைந்து வருஷம் அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலும், தம் வாரிசு ஒருவர் பேருக்கு மாற்றும்படி கேட்கலாம். மாமனார் கேட்டார். விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் பல நடை நடந்து, போலீஸ் விசாரணையும் பயிற்சிச் சான்றிதழும் முடிந்து, மைத்துனர் பேருக்கு லைசென்ஸ் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்தான் இந்தக் கோட்டுப் பிரச்னை.

பட்டதாரி உபாத்தியாயர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் எந்தக் காகிதத்தையும் அவர் தலையில் கட்டுவது வழக்கமல்லவா? அந்த விதிகளையும் நாம்தான் படிக்க நேர்ந்தது. படித்ததில் ஒரு விஷயம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. துப்பாக்கியை ஒளித்து வைத்துக் கொண்டு போவதுதான் குற்றம் என்று அதுவரையில் நாம் எண்ணியிருந்தோம். சட்டம் நேர்மாறாகச் சொல்லுகிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு போவதானால் அதற்கென்று செய்த உறையில் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்குரிய பையில் வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து. ஆகவே மைத்துனர் கேட்ட கோட்டு சட்டப்படி நியாயமான கோட்டுதான். "கட்டுப்பாட்டில்" என்ற அந்தக் கடைசி வார்த்தையை அன்று நாம் வாய் விட்டுப் படித்தோம். இருவரும் அதில் நிற்கவில்லை.

ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மைத்துனருக்குச் சரித்திரப் பாடம் நடத்தினோம். வகுப்பில் நாற்பது பேரைத் தூங்கப் பண்ணும் பாடம் அவரை விழிக்கச் செய்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஆயுதத்தை விட அந்த அவமானமே நம் பெரியவர்களை வருத்தியது. கராச்சிக் காங்கிரஸ் 1931-இல் செய்த அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகு, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அவ்வுரிமையைச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டு வந்தபோது சபை ஏற்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் அதை எதிர்த்தார். ஆகவே ஆயுதம் என்பது நம் நாட்டில் உரிமையல்ல, அனுமதி. 1959-ஆம் வருஷச் சட்டம் அந்த அடிப்படையில் எழுந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக் கொள்ளலாம் என்றிருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்து, லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள்.

"நம் பக்கத்தில் துணிக்குள் துப்பாக்கி வைத்துக் கொண்டு போன மனுஷர் ஒருவர்தான் எனக்குத் தெரியும்" என்றார் மைத்துனர். செங்கோட்டை வாஞ்சிநாதனைச் சொன்னார். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில், மனைவியுடன் ரயில் வண்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையிடம் சென்றவர், பார்ப்பதற்கு ஒழுங்காக உடுத்திய குடும்பத்து வாலிபராகத்தான் தோன்றினார். அவரிடம் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அடுத்த சில நிமிஷங்களில் அதே பிஸ்டலால் தம் உயிரையும் முடித்துக் கொண்டார். இப்பொழுது அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். "அவர் உயிரைக் கொடுக்கப் போனார். நான் உயிரைக் காப்பாற்றிக் கொள்ளப் போகிறேன். கோட்டு விஷயத்தில் அவரைப் பின்பற்ற முடியாது" என்று மைத்துனர் சொன்னதும், முன் ஸீட்டில் இருந்த அம்மாள் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதோடு பாடத்தை நிறுத்தினோம்.

நிற்க. கோட்டுக்கு வருவோம்.

மேல்நாட்டில் மூன்று பருவத்துக்கு ஏற்ற கோட்டு என்றால், கடும் பனிக்காலம் ஒன்றைத் தவிர மற்றக் காலங்களுக்கு ஆவது. தேவதானத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. நம் இலக்கணக்காரர்கள் வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரித்து, ஆனி ஆடியை முதுவேனில் என்றார்கள். அவர்கள் மேற்கு மலை அடிவாரத்தில் குடியிருக்கவில்லை போலும்! இங்கே ஆனி ஆடி என்பது காற்றுக் காலம். மலைக்கு அப்பால் மலையாளத்தில் மழை கொட்டும்போது, கணவாய் வழியாகவும் மலை முகட்டைத் தாண்டியும் காற்று இறங்கி, தென்னை மட்டைகளை ஒடித்துப் போடும். சில நாள் பூந்தூறலையும் கொண்டு வரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழி தையில் விடியற்காலைப் பனி. இந்த மூன்றுக்கும்தான் கோட்டு. மற்ற மாதங்களில் தோளில் துண்டு போடுவதே பாரம்.

ராஜபாளையத்துக் கடையில் முதலில் காட்டினது நைலான் கோட்டு. மழைக்கு நல்லது, ஆனால் கையை அசைத்தால் அப்பளம் நொறுங்குவது போல் சத்தம். மறைத்துச் செல்ல வேண்டியவனுக்கு அந்த விளம்பரம் ஆகாது. உள்ளே வியர்த்து ஊற்றும் என்பது வேறு. அடுத்து ஒரு தோல் கோட்டு. அதைப் போட்டுக் கொண்டு மைத்துனர் நிலைக்கண்ணாடி முன் நின்றபோது, பழைய சினிமாவில் வில்லனுக்குத் தோழனாக வருபவர் மாதிரி இருந்தார். கடைப் பையன்களே சிரித்தார்கள். மூன்றாவது, கம்பளி. அது கொடைக்கானலுக்கு.

அப்பொழுது ஒரு பெரிய உண்மை நமக்கு விளங்கியது. ஒரு ஊரில் எல்லாரும் கோட்டு போட்டால் கோட்டுக்குள் எதையும் மறைக்கலாம். கோட்டே போடாத ஊரில் கோட்டுதான் முதல் சாட்சி. சத்திரப்பட்டிச் சாலையில் ஒருவர் புதுக் கோட்டுடன் போனால், "உள்ளே என்ன?" என்று நாய் கூடக் கேட்கும். ராஜபாளையத்து நாய்க்குக் கேட்கவா வேண்டும்? "மச்சான், பேசாமல் தளர்ச்சியான கதர் ஜிப்பா ஒன்று வாங்கி வெளியே விட்டுக் கொள்ளுங்கள். அதைவிட நல்ல மறைப்பு இந்த ஜில்லாவில் கிடையாது" என்றோம். "காற்றில் ஜிப்பா தலைக்கு மேல் பறக்குமே?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயோதிகத் தையல்காரரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி மைத்துனரை ஒரு தடவை பார்த்தார். என்ன சாமான் என்று கேட்கவில்லை. "எடை எவ்வளவு? எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். இப்படிக் கேட்கத் தெரிந்தவர்தான் தொழிலாளி. கெட்டியான பருத்தி டிரில் துணி, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், சின்னக் கட்டம். கட்டம் எதற்கென்றால், வெற்றுத் துணியில் ஒரு புடைப்பு இருந்தால் கண் அங்கே போய் நிற்கும். கட்டத்தில் கண் வழி தவறிவிடும் என்றார். உள்துணி முழுவதும் வைத்தால் வேகும், வைக்காவிட்டால் உள்ளே இருப்பதன் உருவம் தெரியும். ஆகவே தோளுக்கும் இடுப்புப் பக்கத்துக்கும் மட்டும் வைத்தார். இடுப்பு வாரில் மாட்டும் தோலுறையின் நுனிக்குக் கீழே நாலு விரல் இறங்கும்படி நீளம். பித்தான்களா, ஜிப்பா என்பதில் சிறிது நேரம் போயிற்று. மழையில் ஜிப்பு, அவசரத்தில் பித்தான் என்று இரண்டையும் வைத்தார். காற்றில் முன் மடல் பறக்காமலிருக்க அடி விளிம்பு மடிப்புக்குள் பழைய செம்புக் காசுகள் நாலைத் தைத்தார். இந்தக் காசு வித்தையை நாம் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

தயாரான பின் பரீட்சை வைத்தவரும் அவரே. "பஸ் கம்பியைப் பிடிப்பது போல் கையைத் தூக்குங்கள்" என்றார். கோட்டு மேலே ஏறியது; உறையின் நுனி எட்டிப் பார்த்தது. நீளம் இன்னும் இரண்டு விரல் கூடிற்று. "செருப்பைக் கழற்றக் குனியுங்கள்" என்றார். முதுகுப் பக்கம் கூனல் மாதிரி புடைத்தது. உறையைப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல் கைகளை நீட்டச் சொன்னார். இதையெல்லாம் வெறும் உறையில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்துச் செய்தோம் என்பதைப் போலீஸாரின் மன நிம்மதிக்காகக் குறிப்பிடுகிறோம். எல்லாம் முடிந்ததும், தாமாகவே இடது பக்கம் உள்ளே ஆழமாக ஒரு பை தைத்து, "இது பணத்துக்கு" என்றார் கிழவர்.

கோட்டு வந்த முதல் வெள்ளிக்கிழமை, சுவாமி சந்நிதியில் வைத்து எடுக்க வேண்டுமென்று மைத்துனர் பிடிவாதம் பிடித்தார். கோட்டை மட்டும் தாம்பாளத்தில் எடுத்துக் கொண்டு போனோம். நம் ஊர்க் கோவிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று திருநாமம், அம்பாள் தவம்பெற்ற நாயகி. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய ஐந்தும் இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்கள். அவற்றில் தேவதானம் ஆகாயம். பாண்டியனைப் போரில் வெல்ல முடியாத சோழன், சிநேக பாவத்துடன் விஷம் தோய்ந்த ஆடை ஒன்றைப் பரிசாக அனுப்பினானாம். சுவாமி கனவில் தோன்றி எச்சரித்தார். பாண்டியன் அந்த ஆடையைக் கொண்டு வந்தவனுக்கே போர்த்தச் செய்தான்; அவன் எரிந்து போனான். இது தலபுராணம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நம் சம்சாரம், "ஆடைக்குள் ஆபத்தை வைத்து அனுப்பினதைத் தடுத்த சாமியிடம் போய், ஆபத்தை வைக்கிற ஆடையைக் காட்டிவிட்டு வருகிறோம்" என்றாள். மைத்துனர் கேட்காதது போல் நடந்தார். நமக்குச் சொந்தமாக ஒரு சந்தேகம் உண்டு: ஆடையைச் சுமந்து வந்தவனுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியுமா? புராணக்காரர் அதைச் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மாலை அவர் கோட்டுடன் நம் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். ஓடிப் போய்க் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினோம். கல்வி ஸ்தாபன எல்லைக்குள்ளும், திருவிழாக் கூட்டத்திலும், சுவாமி ஊர்வலத்திலும் ஆயுதத்துடன் போகக் கூடாதென்பது லைசென்ஸ் நிபந்தனை. "மறந்துவிட்டது, மாப்பிள்ளை" என்றார். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அவர் மறந்தது நிபந்தனையை அல்ல. இடுப்பில் அது இருப்பதையே மறந்திருந்தார். பழகிப் போய்விட்டது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சாயங்காலம் பிடித்த மழை எட்டு மணிக்கும் விடவில்லை. மைத்துனர் நனைந்து வந்தார். கோட்டைக் கழற்றி வாசல் அறை முளையில் மாட்டிவிட்டுக் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனார். அவர் எப்பொழுது வந்தாலும் நம் இளைய பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டு வருவார். முன்பு சட்டைப் பையில். கோட்டு வந்த பிறகு கோட்டுப் பையில். குழந்தைக்கு ஆறு வயது. எட்டாத முளைக்கு முக்காலி போட்டு ஏறத் தெரிந்த வயது.

நாம் சாய்வு நாற்காலியில் பரீட்சைத் தாள் திருத்திக் கொண்டிருந்தோம். "அப்பா, மாமா பால்கோவா ஏன் ஜில்லென்று இரும்பாய் இருக்கிறது?" என்று குரல் கேட்டது.

தலை நிமிர்ந்தோம். அவள் கை முழங்கை வரை அந்த உள்பையில் இருந்தது.

நாற்காலிக்கும் முளைக்கும் நடுவே பத்தடி இருக்கும். அதை எப்படிக் கடந்தோம் என்று நமக்கு நினைவில்லை. தாள்கள் அறை முழுவதும் இறைந்து கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். கோட்டுக்கு வெளியிலிருந்தே அந்தச் சாமானை ஒரு கையால் சுவர்ப் பக்கம் திருப்பி அழுத்திக் கொண்டு, மற்றக் கையால் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து, "விடு, கண்ணே, விரலை விடு" என்று சொன்னோம். எவ்வளவு மெதுவாகச் சொன்னோம் என்று பிற்பாடு அவள் அம்மா சொன்னாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

மைத்துனர் ஈரக் காலுடன் வாசற்படியில் நின்று கொண்டிருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. வந்து எடுத்தார். ஆறு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மணைப் பலகையின் மேல் வைத்தார். அவருடைய கை நடுங்கியதால் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. டார்ச் விளக்கு வைத்துத் தேடி எடுத்தோம்.

உறையில் இருக்க வேண்டியது பைக்கு எப்படி வந்தது? மழையில் வண்டி ஓட்டும்போது இடுப்பில் குத்திற்றாம். ஒரு வாரமாகவே பணப் பையில்தான் போட்டுக் கொண்டு வந்தாராம். எத்தனை பரீட்சை வைத்தார் அந்தக் கிழவர்! கை தூக்கிப் பார்த்தோம், குனிந்து பார்த்தோம், உட்கார்ந்து பார்த்தோம். கழற்றி மாட்டிப் பார்க்கவில்லை. நாமும் விதிகளைப் படித்தவர்தானே? "கட்டுப்பாட்டில்" என்று நம் வாயால்தானே சொன்னோம்? கள்வன் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது குழந்தை கண்ணுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நம் சம்சாரம் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை மடியில் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து மைத்துனர் தழும்பைத் தடவிக் கொண்டே சொன்னார்: "அன்றைக்கு அடித்தவன் பின்னாலிருந்து அடித்தான், மாப்பிள்ளை. இது இடுப்பில் இருந்திருந்தாலும் நான் எடுத்திருக்க முடியாது. பணத்தோடு இதையும் எடுத்துக் கொண்டு போயிருப்பான். எனக்கு அது அப்போதே தெரியும்."

"தெரிந்துமா?" என்றோம்.

"இருட்டில் தொட்டுக் கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? நாம் சொல்லவில்லை. பயத்தை நியாயம் பேசி விரட்டலாம் என்பது பயப்படாதவர்கள் கட்சி. மறு வாரம் முதல் கூலியில் பெரும் பகுதியைத் தறிக்காரர்களின் பாங்குக் கணக்குக்கே போனில் அனுப்ப ஏற்பாடு செய்து கொடுத்தோம். இதை மூன்று வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம், நமக்கும் தோன்றவில்லை. பணம் ரொக்கமாகவே வேண்டும் என்கிற இரண்டு பேருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பகலில் எடுத்து வைக்கிறார். இருட்டில் போவது நின்றது. ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் எல்லா லைசென்ஸ்தாரர்களும் ஒப்படைக்க வேண்டியதாகிறது. இவர் தேர்தல் இல்லாமலே ஒப்படைத்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது என்ன செய்வதென்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. மாமனாருக்கு இதில் வருத்தம்தான்.

கோட்டை அவர் மறுபடி தொடவில்லை. நம் வீட்டு முளையிலேயே விட்டுவிட்டார். இருவருக்கும் தோள் அளவு ஒன்று. இந்த மார்கழியில் விடியற்காலைத் தனி வகுப்புக்குப் போகும்போது நாம்தான் அதைப் போட்டுக் கொண்டு போகிறோம். பனிக்கு வெகு சுகம். நடக்கும்போது விளிம்புச் செம்புக் காசுகள் தொடையில் தட்டுவதைப் பார்த்துப் பையன்கள் தங்களுக்குள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் உள்பையில் பால்கோவாப் பொட்டலம் வருகிறது. குழந்தை முக்காலியின் பக்கத்தில் வந்து நிற்கிறாள், கையை விடுவதில்லை. நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.